ஒரு ஸ்டூல்

“கூடையைக் கீழ வைடி! உன் வயித்துல இருக்கறது என் பேரன்!”

“நாலு துணிதானே அத்தை...”

“நாலோ நாப்பதோ, நீ தொடக்கூடாது. போய் உட்காரு!”

கனடாவின் ஹாமில்டனில் எங்கள் குடியிருப்பின் சுவர் மெல்லியது. காது வைக்காமலே எல்லாம் கேட்கும். பக்கத்து வீட்டு ஓடீலியா மருமகளின் கால் தரையில் படாமல் தாங்குவதைக் கேட்டு, எனக்கு வாய்த்த மாமியாரை நினைத்துக்கொள்வேன்.

மருமகள் கேலா அந்த வாரம்தான் துணிக்கடையில் விற்பனை வேலைக்குச் சேர்ந்திருந்தாள். படியில் மடக்கினேன்.

“நாள் முழுக்க நிக்கணும் அக்கா. இடுப்பு வலிக்குதுன்னு ஒரு ஸ்டூல் கேட்டேன். ‘விக்கறவ உட்கார்ந்தா, வாங்க வர்றவ படுத்துக்குவா’ங்கறாங்க மேனேஜர்.”

“புள்ளத்தாச்சி கேட்டா குடுத்தே ஆகணும்டி, சட்டம் இருக்கு. புகார் பண்ணு!”

“பண்ணிட்டு எந்த மூஞ்சியோட வீட்டுக்கு வர்றது?” என்று போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை கடையிலேயே ரத்தப்போக்கு. ஆஸ்பத்திரிக்கு நானும் ஓடினேன், போகாமல் இருப்பேனா? குழந்தை தங்கவில்லை.

நர்ஸ் கொதித்தாள். “வலிக்குதுன்னு சொல்லியும் நிக்க வெச்ச மேனேஜர் யாரு? பேரைச் சொல்லும்மா.”

கட்டிலருகே அழுதுகொண்டிருந்தவளை நோக்கிக் கேலா திரும்பினாள். “நீங்களே சொல்லுங்க அத்தை.”

எங்கே வேலை என்று நான் விசாரிக்காமல் விட்ட ஒரே ஆள் ஓடீலியாதான். மேனேஜராக இருந்துகொண்டு மருமகளுக்குச் சலுகை காட்டினால் கடையில் மற்றப் பெண்கள் பேசுவார்கள் என்று பயந்தாளாம்.

மகனும் மருமகளும் ஹாலிஃபாக்ஸுக்குக் குடிபோனார்கள். அங்கே அவர்களுக்கு ஆண் குழந்தை பிறந்ததை ஓடீலியாவுக்கு நான்தான் சொன்னேன்.