மூன்றாவது ஜோக்

பல ஊர் நகைச்சுவை அணிகளிலிருந்து ஆளுக்கொருவராகப் பொறுக்கியெடுத்த நட்சத்திர அணி அது. சமாரா அணியிலிருந்து வார்யாவை எடுத்திருந்தார்கள். மாலையில் அரையிறுதி. தோற்கும் அணிக்கு இந்த ஆண்டு அவ்வளவுதான்.

சமையலறையில் நின்றபடி மூன்றாவது ஜோக்கைக் கணவனிடம் சொல்லிக்காட்டினாள்.

“எங்க கட்டடத்துல லிஃப்ட் கெட்டுப் பதினோரு வருஷம் ஆச்சு, ஒன்பதாவது மாடிக்காரர் இப்போ மலையேறக் கத்துக்கொடுக்கிறார்.”

ஸ்தியோபா சிரிக்கவில்லை. “ரயிலைப் பிடிக்கப் போறியா? ‘பதினோரு வருஷம் ஆச்சு’ன்னு சொல்லிட்டு நில்லு. எல்லாரும் அவங்கவங்க வீட்டு லிஃப்டை நினைச்சுக்கட்டும். அப்புறம் மீதியைச் சொல்லு.”

அப்படியே சொன்னாள். அவனுக்குத் தேநீர் புரையேறியது.

“இது போதும். ஜெயிச்சிடுவே” என்றவன், அலமாரியைத் திறந்து, சமாரா அணியின் தலைவனாகத் தான் அணியும் பச்சைக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டான்.

வார்யா அதன் பொத்தான்களைப் போட்டுவிட்டாள். “உன் பசங்களுக்குத் தெரிஞ்சா உன்னை உயிரோட விட மாட்டாங்க. எதிரணிக்கு எதுக்குத் திருத்திக் கொடுத்தே?”

ஸ்தியோபா கோட்டின் காலரைச் சரிசெய்துகொண்டான்.

“நாங்க தோத்தாக்கூடப் பரவாயில்லை. நீ ஜோக் சொல்லி, அரங்கம் சும்மா உட்கார்ந்திருந்தா, அதை எதிர்ல நின்னு பார்க்க என்னால முடியாது.”