பிரென் லலோ மாப்பிள்ளை

இந்தாள் வலு கள்ளன் எண்டு சுபாங்கன் முதல் அஞ்சு நிமிசத்திலேயே முடிவெடுத்திட்டான்.

ஃபோனுக்குள்ள இருந்தது தனோஜன். பெல்ஜியம் மாப்பிள்ளை. அக்கா தாரிணிக்குப் பேசி வந்த சம்பந்தம். இங்க சிட்னி வென்ட்வேர்த்வில்லில ஞாயிறு பின்னேரம், அங்க காலமை. ஆள் அந்த நேரத்துக்கே சேட்டை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு குந்தியிருந்தார்.

எங்கட ஆக்கள் கலியாணம் எண்டா முதல்ல ஊரை விசாரிப்பினம். யாழ்ப்பாணத்தில எந்த ஒழுங்கை எண்டு சொன்னாப் போதும், கனடாவில இருந்து ஒரு மாமி மூண்டு தலைமுறைக் கதையைக் கொட்டுவா. ஆனா இவர் பதினொரு வருசமா இருக்கிறது பிரென் லலோ எண்டொரு ஊரில. சுடுகிழங்கை வாய்க்குள்ள வைச்சுக்கொண்டு சொல்லவேண்டிய பேர். அங்க விசாரிக்க எங்கட சனம் ஒருத்தரும் இல்லை.

அதால அம்மா மகனிட்டப் பொறுப்பைக் குடுத்தா. யூனிவேர்சிற்றியை இரண்டாம் வருசத்தில விட்டவன், பிறகு நாலு வேலையையும் விட்டவன், வாயை மட்டும் விடாதவன். நீ கதை குடுத்துப் பார், பொய் எண்டா உனக்கு மணக்கும் எண்டு சொல்லிப்போட்டா. அக்காவோ ஆளோட இரண்டு தரம் கதைச்சிட்டு, தம்பி ஓம் எண்டாத்தான் ஓம் எண்டு நிக்கிறா.

சுபாங்கனுக்கு ஓம் எண்டுற எண்ணமே இல்லை. அப்பா இல்லாத வீட்டில அவனைத் தட்டி எழுப்பி, ஏசி, சாப்பாட்டை மூடி வைச்சு வளத்தது அக்கா. அவ போயிட்டா, ஒழுங்கா ஏசக்கூட வீட்டில ஆளில்லை. ஒரேயொரு பொய் பிடிபட்டாப் போதும், சம்பந்தத்தைக் குழப்பிப்போடலாம்.

கதவைச் சாத்திப்போட்டுத் தொடங்கினான். "அண்ணை, உங்கட ஊர் எங்க கிடக்கு?"

கேட்டதுதான் தாமதம், மனுசன் கொட்டத் தொடங்கிட்டுது. பிரசல்ஸுக்குத் தெற்கால இருபது கிலோமீற்றராம். பிரெஞ்சு பேசுற வலோன் பக்கமாம், வடக்கால கொஞ்சம் போனா டச்சு பேசுற பக்கமாம். 1977இல பக்கத்துச் சின்ன ஊருகளையும் சேர்த்து ஒண்டாக்கினதாம். நெப்போலியன் தோத்த வாட்டர்லூ சண்டைகூட கனக்க நடந்தது இவையின்ர வயலுகளிலதானாம். பேர் மட்டும் பக்கத்து ஊருக்குப் போயிட்டுதாம்.

"எங்களிட்டயும் சிட்னியில ஒரு வாட்டர்லூ கிடக்கு அண்ணை. அங்க பார்க்கிங்குக்குத்தான் சண்டை."

தனோஜன் சிரிக்கேல்லை. "சண்டை நடந்த இடத்தில மண்ணால குன்று கட்டி, மேல ஒரு சிங்கம் வைச்சிருக்கினம் தம்பி. இருநூற்றி இருபத்தாறு படி."

சுபாங்கன் நிமிர்ந்து இருந்தான். வென்ட்வேர்த்வில்லில பத்தொன்பது வருசமா இருக்கிறான். இந்த ஊருக்கு என்ன சரித்திரம் எண்டு கேட்டா, கொத்துரொட்டிக் கடையைத்தான் கைகாட்டுவான். சொந்தமா இருக்கிற ஊரைப் பற்றி ஆர் இவ்வளவு தெரிஞ்சு வைச்சிருக்கிறது? அங்க இல்லாதவன்தான் பாடமாக்குவான். போதாததுக்கு, ஒவ்வொரு பதிலுக்கும் மனுசன்ர கண் கீழ போய்ப்போய் வந்தது.

"அண்ணை, மேசையில கிடக்கிற பேப்பரை ஒருக்காக் காட்டுங்கோ."

தனோஜன்ர முகம் கறுத்திட்டுது. பேப்பர் ஒண்டுமில்லை எண்டான். பிறகு, சும்மா ஒரு குறிப்பு எண்டான். காட்டாட்டி அம்மாவைக் கூப்பிடுவன் எண்டு சுபாங்கன் வெருட்டினான்.

"தம்பி, உண்மையைச் சொல்லுறன். இவ்வளவு காலமும் இந்த ஊரில எனக்கு ஸ்ரேசனும் வேலை செய்யிற பேக்கரியும் அறையும்தான் தெரியும். உங்கட அக்காவின்ர கதை வந்தாப் பிறகுதான் ஞாயிற்றுக்கிழமையளில நடந்து பாக்கத் தொடங்கினனான். ஒரு பிள்ளையை இவ்வளவு தூரம் கூப்பிடுறன். அங்க என்ன இருக்கு எண்டு கேட்டா, பேக்கரி இருக்கு எண்டே சொல்லுறது?"

"அப்ப அந்தப் படி?"

"நான் எண்ணேக்க இருநூற்றி இருபத்திநாலுதான் வந்தது. திரும்ப முதல்ல இருந்து ஏறினனான்."

தாளைத் தூக்கிக் கமராவுக்கு முன்னால பிடிச்சான். கொப்பியில கிழிச்சது. மேல 'தாரிணி கேட்டால்' எண்டு தலைப்பு. அதுக்குக் கீழ சிங்கக் குன்று, சண்டை, பிரசல்ஸுக்கு ரயில், ஆரம்பத்தில இருந்து பிரெஞ்சு படிப்பிக்கிற வகுப்பு, கறிவேப்பிலை எங்க கிடைக்கும் எண்டெல்லாம் குண்டுகுண்டா எழுத்து.

நல்லா ஒரு நக்கல் அடிக்க சுபாங்கன் வாயைத் திறந்தான். அப்பதான் கடைசி வரி கண்ணில பட்டுது.

'இரண்டு அறை உள்ள வீடு பாக்க வேணும். தம்பியை விட்டிட்டு வரத்தான் அவவுக்குக் கஷ்டம். அவன் வந்து நிக்க ஒண்டு.'

போயிட்டு வாறன் அண்ணை எண்டு மட்டும் சொல்லி ஃபோனை வைச்சான்.

வெளிய வந்தா, ரீவி ஓடுது, பாக்க ஒருத்தருமில்லை. அம்மாவும் அக்காவும் அவன்ர வாயைத்தான் பாத்துக்கொண்டு இருந்தினம். என்னடா, ஏதும் பொய் பிடிச்சனியோ எண்டு அம்மா கேட்டா.

சுபாங்கன் அக்காவைப் பாத்தான்.

"அங்க சரியான குளிராம் அக்கா. தடிப்பான ஜக்கெற் இரண்டு வாங்கு. ஒண்டு என்ர அளவில."