பூசணம் வளர்த்த பெண்

"ஊட்ல பூசணம் புடிச்சா தூக்கிக் கடாசறோம். இதுங்க ரெண்டும் அதுக்கு சோறு போட்டு வளக்குதுங்க. பொருத்தம்னா இதான் பொருத்தம்" என்றாள் ஆரோக்கியம்மாள், பெண் வீட்டு முறுக்கைக் கடித்தபடி.

பெண்ணின் அப்பா சத்தியராஜ் சிரித்தார். ஆரோக்கியம்மாளின் மகன் ஜெயபாலும் சிரித்து வைத்தான்.

மேனாம்பேட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய்வந்த கையோடு பெண் பார்க்க வந்திருந்தார்கள். பெண் செலினுக்கு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை. ஜெயபாலுக்கு ஆவடிப் பக்கம். இரண்டு கம்பெனியிலும் ஒரே தொழில்தான். பூசணத்தின் ஜீனை மாற்றி, என்சைம் எனும் நொதியை அதிகமாகச் சுரக்க வைப்பது. புது ஜீன்ஸ் துணியை அந்த நொதியில் அலசினால், பத்து வருடம் உடுத்தியது போல வெளுத்துவிடும். தொண்ணூற்றேழாம் வருடம் பையன்களுக்கு அப்படி இருந்தால்தான் பிடித்தது. யார் அந்த நொதியை மலிவாகக் கொடுக்கிறார்களோ அவர்களிடமே திருப்பூர்த் துணிக் கம்பெனிக்காரர்கள் வாங்கினார்கள். அதனால் இரண்டு கம்பெனிக்கும் ஆகவே ஆகாது.

தரகர் சொன்ன பெண் எங்கே வேலை செய்கிறாள் என்று தெரிந்ததும் ஜெயபாலின் மேனேஜர் உலகநாதன் கதவைச் சாத்திவிட்டுப் பேசியிருந்தார்.

"பொண்ணப் பாரு, வேணாங்கல. அப்படியே அவங்க பூசணம் எப்படி நம்மளவிட அதிகமா சுரக்குதுன்னும் கேட்டுகினு வா. வந்தா நீதான் செக்‌ஷன் ஹெட்."

"பையனும் பொண்ணும் மாடியில போய் ரெண்டு வார்த்தை பேசட்டும்" என்றார் சத்தியராஜ்.

மொட்டை மாடியில் வடகம் காய்ந்துகொண்டிருந்தது. செலின் காக்காய் விரட்டும் குச்சியைக் கையில் எடுத்துக்கொண்டு, "என்ன கேக்கணுமோ கேளுங்க" என்றாள்.

பாட்டுப் பாடத் தெரியுமா என்று கேட்கலாம் என நினைத்தான். வாயில் வேறு வந்தது.

"உங்க பூசணம் எப்படிங்க அவ்ளோ சுரக்குது?"

கீழே இறங்கிப் போய்விடுவாள் என்று பயந்தான். அவளோ உட்கார்ந்துவிட்டாள்.

"அந்த என்சைமுக்கான ஜீன் பூசணத்துல ஒண்ணுதான் இருக்கும். நாங்க அதையே இன்னும் பல தடவை உள்ள நுழைச்சிட்டோம். ஒரு குழாய் இருந்த வீட்டுக்கு ஊர்ப்பட்ட குழாய் போட்ட மாதிரி."

அவள் சொன்னதில் பாதிக்கு மேல் அவனுக்கு ஏற்கெனவே தெரியும். அவள் சொல்லும்போது புதிதாக இருந்தது.

"ஆனா என்ன பிரயோசனம்?" செலினின் குரல் இறங்கியது. "சுரக்கிறது நிஜம். டேங்க்ல இருந்து எடுக்கறதுக்குள்ள பாதி காணாம போயிடுது. ஒரு வருஷமா மண்டைய உடைச்சிக்கறேன். இந்த வேலைக்கே நான் லாயக்கில்லையோன்னு தோணுது."

கண்ணைத் துடைத்துக்கொள்ள அவள் அந்தப் பக்கம் திரும்பினாள். இரண்டு காக்காய் வந்து வடகத்தைக் கொத்தின. அவள் விரட்டவில்லை.

ஜெயபால் காக்காயை விரட்டினான். அதற்குமேல் அவனால் தாங்க முடியவில்லை.

"அழாதீங்க. தப்பு உங்க மேல இல்ல. அந்தப் பூசணமே இன்னொரு என்சைமையும் சுரக்குது. அதுதான் உங்களோடதைத் தின்னுடுது. அந்த ஜீனை வெட்டி எடுத்துட்டா தீர்ந்துச்சு. நாங்க அப்படித்தான் பண்ணோம்."

"அந்த மாதிரி ஜீன் நிறைய இருக்கே. எதைன்னு வெட்டறது?"

சொன்னான். எப்படிக் கண்டுபிடித்தார்கள், எப்படி வெட்டினார்கள், எங்கே முதலில் சொதப்பினார்கள் என்று கீழிருந்து அம்மா கூப்பிடும்வரை சொன்னான். கடைசியில் மனசு கேட்காமல் அதையும் சொல்லிவிட்டான்.

"ஒரு உண்மைய சொல்லிடறேங்க. உங்ககிட்ட விஷயம் வாங்கிட்டு வரச் சொல்லி எங்க மேனேஜர் சொன்னாரு. அதுக்குத் தர்றதா சொன்ன பதவியே எனக்கு வேணாம். நீங்க சொன்னதுல ஒரு வார்த்தைகூட அவருக்குச் சொல்ல மாட்டேன்."

செலின் எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"நீங்க ரொம்ப நல்லவர்" என்றாள். கீழே இறங்கிப் போய் எல்லோர் முன்னிலையிலும், "எனக்குச் சம்மதம் டாடி" என்றும் சொல்லிவிட்டாள்.

பூந்தமல்லியில் இருந்த தங்கள் வீட்டுக்குத் திரும்பும்போது ஸ்கூட்டர் தரையில் ஓடுவதாகவே ஜெயபாலுக்குத் தோன்றவில்லை. கம்பெனிக்குத் துரோகம் செய்திருக்கிறோம் என்று உறுத்தியது. ஆனால் ஒரு பெண்ணின் கண்ணீரைத் துடைத்திருக்கிறோம் என்பது அதைவிடப் பெரிதாக இருந்தது. போட்டிக் கம்பெனிக்காரன் என்று தெரிந்தும் தன்னை நம்பி எல்லாவற்றையும் சொன்னாளே, அந்த மனசு யாருக்கு வரும்?

"தங்கமான பொண்ணுடா" என்றாள் பின்னாலிருந்து ஆரோக்கியம்மாள். "அதுவாத்தான் தரகர்கிட்ட வந்து மாப்ள கேட்டுதாம். கறுப்பா செவப்பான்னு கேக்கல, சம்பளம் கேக்கல, உன் போட்டோகூட வேணாம்னுட்டுதாம்."

"பின்ன என்னதான் கேட்டுதாம்?"

"ஜீனோ ஜீன்ஸோ, அத்த வெட்டி எடுக்குற செக்‌ஷன்னு உங்க கம்பெனில ஒண்ணு கீதாமே, அதுல கண்ணாலம் ஆவாத புள்ள யாருனா கீறானான்னு மட்டுந்தான் கேட்டுதாம்."