அறுபது முகர்தல்கள்

பன்னிரண்டாவது முகர்தலுக்கும் சைபர் என்றுதான் எழுதினேன்.

முறை எளிது. பத்து நொடிக்கு ஒரு தடவை மூச்சை இழுத்து முகர வேண்டும்; பத்து நிமிடத்துக்கு அறுபது. ஒவ்வொன்றுக்கும் சைபரிலிருந்து ஆறு வரை மதிப்பெண். சைபர் என்றால் வாடையே இல்லை. ஆறு என்றால் ஆள் நிற்க முடியாது.

மாநிலத்தின் சுற்றுச்சூழலைக் காக்கும் எங்கள் ஆணையத்திடம் உள்ள ஆக நவீனமான கருவி, அதிகாரியின் மூக்கு.

அதற்குச் சான்றிதழ் உண்டு. முகரப் போகும் நாளில் காபி கூடாது. பூண்டு கூடாது. வீட்டில் சென்ட் கூடாது. என் மனைவி தன் சென்ட் பாட்டில்களைத் தங்கை வீட்டில் வைத்திருந்தாள். பிறகு அவளும் அங்கேயே போய்விட்டாள்.

இது மெரின்டூ என்ற சிற்றூரின் கடைசித் தெரு. பின்னால், ஆட்டு மாட்டுக் கழிவைக் காய்ச்சிக் கொழுப்பெடுக்கும் ஆலை. அதன் கழிவுநீர்க் குட்டை திறந்தே கிடக்கிறது.

தெருவின் பதினான்கு வீடுகளும் புகார் கொடுத்தன. ஆலை பதின்மூன்று வீடுகளை வாங்கிப் பூட்டிப் போட்டது.

புகார்கள் தொண்ணூற்று மூன்று சதவீதம் குறைந்தன.

அந்தச் சாதனையை வரைபடமாக்கி வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார் எங்கள் வட்டார மேலாளர். வெள்ளிக்கிழமை அமைச்சர் வந்து அவருக்குத் தூய காற்றுக் கேடயம் கொடுக்கிறார்.

மிச்சமிருப்பவள் ஐரீன் ப்ளக்கெட். எழுபத்தாறு வயது. விற்க மாட்டாள். முதலில் வந்தது நானா அந்தக் குட்டையா என்று ஆலைக்காரர்களிடம் கேட்டு அனுப்பிவிட்டாள்.

வடக்கிலிருந்து காற்று வீசினால் ஆணையத்துக்குப் போன் போடுவாள். நான் இரண்டு மணி நேரம் கார் ஓட்டி வருவேன். முகர்ந்து முடிந்ததும் தேநீர், தேங்காய்ப்பூ தூவிய இரண்டு லாமிங்டன் கேக் துண்டுகள். என் வாரத்தில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரே ஆள் அவள்தான். அவள் வாசலுக்கு வரும் ஒரே ஆள் நான்.

இன்றைய சராசரியும் மூன்றைத் தொட்டால் ஆலை குட்டைக்கு மூடி போட்டாக வேண்டும். தொடாவிட்டால், தீர்வு காணப்பட்டது என்று எழுதிக் கோப்பை மூடிவிட வேண்டும். வெள்ளிக்கு முன்னால் என்று மேலாளர் இரண்டு தடவை சொன்னார்.

ஐரீன் வழக்கம்போல வேலிக்கு அந்தப் பக்கம், என்னைப் பார்த்தபடி நின்றாள். காலையில் கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தாள். ஊசியில் மரத்த முகம் இன்னும் அசையவில்லை.

இருபத்திரண்டு. சைபர்.

இருபத்தொன்பது. சைபர்.

முப்பதை எழுதும்போது அவள் வேலியைச் சுற்றி வந்து தாளை எட்டிப் பார்த்தாள். வாய் கோணியபடியே கேட்டாள்.

"ஏன் டெஸ், இன்னைக்கு நீ மூஞ்சியச் சுளிக்கவே இல்லையே? நாறுதா இல்லையா, உள்ளதச் சொல்லு கண்ணு. ரெண்டு வருசம் முந்தி வந்த காய்ச்சல்லயே என் மூக்கு செத்துப்போச்சு. காத்து திரும்புனா போன் போடுவேன், அப்புறம் உன் மூஞ்சியப் பாத்துத்தான் தெரிஞ்சுக்குவேன்."

நான் ஸ்டாப்வாட்சை நிறுத்தினேன். விதிமுறையில் அதற்கு இடமில்லை.

போன குளிர்காலத்தில் அதே காய்ச்சல் எனக்கும் வந்தது. அதே இடத்தில்தான் அடித்தது. ஆணையத்தில் சொல்லவில்லை, மூக்கு போன மூக்கதிகாரிக்கு அங்கே நாற்காலி கிடையாது. அன்றிலிருந்து ஐரீனின் முகத்தைப் பார்த்துத்தான் மதிப்பெண் போட்டேன்; லேசாகச் சுளித்தால் மூன்று, நன்றாகச் சுளித்தால் நான்கு.

அதை அவளிடம் சொன்னேன்.

மிச்சம் எத்தனை என்று கேட்டாள்.

முப்பது. முப்பதுக்கும் ஆறு போட்டால் சராசரி சரியாக மூன்று வரும். உண்மையாகவே ஆறாகக்கூட இருக்கலாம்.

அவள் மூச்சை ஆழமாக இழுத்துப் பார்த்தாள். நானும் இழுத்தேன்.

மூக்குள்ள யாராவது அந்த வழியாக வரட்டும் என்று, இருவரும் தெருவைப் பார்த்து நின்றோம்.