இரண்டு தடவை உப்பு

"குழம்புக்கு உப்புப் போட்டுட்டேன் அத்தை, நீங்க கிளறி மட்டும் விடுங்க" என்று குளியலறையிலிருந்து மருமகள் குரல் கொடுத்தபோது, ஊரிலிருந்து நேற்று வந்த மாமியார் ஏற்கெனவே ஒரு கை உப்பை அள்ளிப் போட்டிருந்தாள். அதைச் சொல்ல வாய் திறப்பதற்குள் அழைப்புமணி அடித்துவிட்டது.

மருமகளின் புதுச் சிநேகிதிகள் மூவர், ஒரு நர்ஸ், ஒரு டீச்சர், ஒரு தையல்காரி, ஆளுக்கொரு பாத்திரத்தோடு வந்தார்கள். இந்த ஊரில் அவளுக்குக் கிடைத்த முதல் சிநேகிதம். தன்னால் அது கெட்டுவிடுமோ என்று பயந்து, மாமியார் குழம்பைக் கடைசியாகப் பரிமாறினாள்.

நர்ஸ் அந்தக் குழம்பைச் சாப்பிட்டாள். டீச்சரும் சாப்பிட்டாள். இருவர் முகமும் மாறவில்லை. தையல்காரிதான் முகத்தைச் சுளித்தாள்.

"ஐயோ, உப்புக் கரிக்குது!"

"தப்பு என்னுதும்மா, நான்தான்..." என்று மாமியார் பதறி எழுந்தாள்.

மருமகளோ பாய்ந்து தையல்காரியைக் கட்டிக்கொண்டாள். "நிஜமாவா? இன்னொரு வாய் சாப்பிட்டுச் சொல்லுடி!"

"கரிக்குதுடி, சத்தியமா!" தையல்காரி அழுதுகொண்டே சிரித்தாள்.

"உங்ககிட்ட மறைச்சுட்டேன் அத்தை. காய்ச்சலுக்கப்புறம் எனக்கு எதுலயும் ருசியே தெரியல. இவங்களுக்கும் அப்படித்தான். ஆஸ்பத்திரியிலதான் பழக்கமானோம். எட்டு மாசத்துல இவளுக்குத்தான் முதல்ல திரும்பி வந்திருக்கு."

மாமியாருக்குப் போன உயிர் வந்தது.

டீச்சர் தட்டை நீட்டினாள். "எனக்கும் இன்னொரு கரண்டி ஊத்துங்கம்மா. கரிக்குதான்னு பாக்கறேன்."