பில் படிக்கத் தெரிந்தவர்

“பில்லு பொய் சொல்லாது தம்பி. மனுசன்தான் சொல்லுவான்.”

எட்மண்ட் அன்று இதே வார்த்தைகளில்தான் சொன்னாரா என்பதில் எனக்கு இப்போது உறுதியில்லை. நான் எதிர்வீட்டு வாசலில் நின்று கேட்டது அது. பிறகு எங்கள் வரிசையில் பலரும் சொல்லிச் சொல்லி மாறியிருக்கலாம். ஆனால் அவர் குரலில் இருந்த நிச்சயம் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

செனாவாங்கில் எங்கள் தாமான் குடியிருப்பு புதியது. குடிவந்தவர்களில் பாதிப் பேர் ரப்பர் தோட்டத்துக்காரர்கள். தோட்டத்தில் லைட்டுக்கும் தண்ணீருக்கும் யாரும் பில் பார்த்ததில்லை. கணக்கெழுதும் ஆபீஸ் கிராணி சம்பளத்தில் பிடித்துக்கொள்வார், அவ்வளவுதான். இங்கே லைட்டுக்கு ஒரு கம்பெனி, தண்ணீருக்கு ஒரு கம்பெனி, கழிவுக்கு இன்னொரு கம்பெனி. எட்மண்ட், கோலா பிலா பக்கத்தில் ஒரு தோட்டத்துக் கிராணியின் மகன். அதனால் அவரையும் கிராணி என்றே கூப்பிட்டு, பில் வந்ததும் எல்லோரும் அவரிடம் போய் நின்றார்கள். அவர் சொன்னால் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

“மூணாவது மாசமும் ஏறியிருக்கு பாரு,” என்று தன் பக்கத்து வீட்டுச் சுகுமாறனின் தண்ணீர் பில்லை ஆட்டினார் எட்மண்ட். “எங்க வீட்டுக்காரி குளோரியா ஆர்டருக்கு மீகூன் பிரட்டிக் குடுக்கிறா. சட்டி பானை கழுவி முடியாது. அப்படியும் என் பில்லு உன்னுதுல பாதிகூட இல்ல. எல்லாம் பைப்பைத் தொறக்கிற கையில இருக்குலா.”

சுகுமாறன் தரையைப் பார்த்தான். அவன் வீட்டுக் கேட்டுக்குப் பக்கத்தில் மாமனார் ராமசாமி துணிப்பையோடு நின்றிருந்தார்.

ராமசாமி இருந்த தோட்டத்தில் தண்ணீர் காலையிலும் மாலையிலும் மட்டும்தான் வரும். அந்தப் பழக்கத்தில், மகள் வீட்டுக்கு வந்ததும் இரண்டு பெரிய தண்ணீர்த் தோம்பு வாங்கிவைத்துத் தினமும் நிரப்பினார். முதல் பில்லைப் பார்த்துவிட்டு எட்மண்ட் அந்தத் தோம்புகளைத்தான் காட்டினார். ராமசாமி மறுபேச்சில்லாமல் இரண்டையும் கவிழ்த்தார். அடுத்த பில்லுக்குப் பிறகு அரை வாளியில் குளித்தார். அப்படியும் ஏறியது.

“நான் இப்ப தண்ணியே பிடிக்கறதில்லீங்க கிராணி,” என்றார்.

“அப்புறம் எங்க போச்சு பெரியவரே? காக்கா குடிச்சிருச்சா?”

ராமசாமி தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வயசாச்சு. தொறந்து விட்டுட்டு மறந்திருப்பேன் போல. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

அவர் ஒப்புக்கொண்டதைத்தான் மகள் ரோகினியால் தாங்க முடியவில்லை.

“எதைப்பா மறந்தீங்க இதுவரைக்கும்? பையை உள்ள கொண்டு போங்க!”

“விடும்மா. பகா டவுன்ல உன் தம்பி ரூம்புல ஒரு மூலை கெடைக்கும். படுத்துக்குவேன்.”

“ஆறு பேரு தங்கியிருக்கிற ரூம்பு அது! எங்க படுப்பீங்க, அவன் தலைமேலயா?” கணவன் பக்கம் திரும்பினாள். “நீங்க ஒரு வார்த்தை சொல்லமாட்டீங்களா?”

“நானா மாமாவைப் போகச் சொன்னேன்? பில்லு சொல்லுது.”

ராமசாமி பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“இருங்க, இருங்க,” என்றார் எட்மண்ட். “குடும்பத்தைப் பிரிக்கவா நான் பில்லு பார்க்கிறேன்? தோட்டத்து வழியிலேயே முடிச்சிடுவோம். மீட்டருக்குப் பக்கத்துல வால்வு இருக்குல்ல, பகல்ல அதை அடைச்சிருங்க. காலையில கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம் தொறங்க. பெரியவரும் இங்கயே இருக்கலாம், பில்லும் எறங்கும்.”

“வீட்டுல ஆள் இருக்கிறப்ப தண்ணியை அடைக்கிறதா?” ரோகினியின் குரல் உடைந்தது.

“எனக்குப் பழக்கந்தான்மா,” என்று ராமசாமி பையைக் கீழே வைத்தார். “அடைங்க கிராணி.”

இரண்டு வீட்டு மீட்டர்களும் பொதுச் சுவரை ஒட்டி அருகருகே இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் வீட்டு நம்பர் எழுதியிருந்தது. எட்மண்ட் சுகுமாறனின் மீட்டர் முன்னால் குந்தினார்.

“பாரு, பாரு! எல்லாரும் வெளியில நிக்கிறோம், முள்ளு என்ன வேகமா சுத்துது! பெரியவரு எதையோ தொறந்து விட்டுட்டுத்தான் வந்திருக்காரு.”

ராமசாமியின் முகம் செத்துப்போயிற்று. ரோகினி பைப்பைப் பார்க்கக் குசினிக்கு ஓடினாள்.

எட்மண்ட் வால்வை இறுகத் திருகினார். முள் நின்றது. “பார்த்துக்க தம்பி. இனிமே உங்க வீட்டுல ஒரு சொட்டு வராது.”

“எல்லாப் பைப்பும் அடைச்சுத்தான் இருந்துச்சு அண்ணே!” உள்ளேயிருந்து ரோகினி கத்தினாள். “இப்ப தொறந்தேன், தண்ணி கொட்டுது!”

எட்மண்ட் வாயைத் திறப்பதற்குள், அவருடைய வீட்டு ஜன்னலிலிருந்து குளோரியாவின் குரல் வந்தது.

“ஏங்க! கையெல்லாம் சோப்பு, இங்க தண்ணி நின்னுபோச்சு! எந்தப் புண்ணியவான் அடைச்சது?”

குழாய் போட்டவர்கள் இரண்டு வீட்டு மீட்டரையும் மாற்றி இணைத்திருந்தார்கள். அடுத்த வாரமே ஆள் வந்து சரிசெய்தார்கள். ராமசாமி மகள் வீட்டிலேயே இருக்கிறார், எட்மண்ட் வீட்டுப் பில்லை இப்போது குளோரியாதான் படிக்கிறார்.