ஒரு டம்ளர் நேரம்

தட்டில் தண்ணீர் கொண்டுவந்த பெண்ணை அலுவலக உதவியாள் என்றே எல்லோரும் நினைத்துவிட்டோம்.

டெல்லி ஜூன் மாதம், மதியம் மூன்று மணி. கொண்டுவருகிறவர் முகத்தை யார் பார்ப்பார்கள், தண்ணீரைத்தான் பார்ப்பார்கள்.

மேசையின் அந்தக் கோடியில் கொஞ்சம் சிந்தியது. நான் எழுந்து போய்க் கைக்குட்டையால் ஒற்றி எடுத்துவிட்டு என் இடத்துக்குத் திரும்பினேன்.

தண்ணீர் கொண்டுவந்தவர் தட்டை ஓரமாக வைத்துவிட்டு, எனக்குப் பக்கத்தில் போட்டிருந்த காலி நாற்காலியில் உட்கார்ந்தார். நாங்கள் காத்துக்கொண்டிருந்த சாந்தகுமாரி அவர்தான். விழுப்புரம் பக்கம் ஊர். இருபது வருடமாக டெல்லியில் பாலியல் தொழில்.

கூட்டம் ஒரு சட்ட வரைவுக்காக. பெண்ணை விட்டுவிட்டு, காசு கொடுத்து வருகிற ஆணை மட்டும் தண்டிக்கும் சட்டம். வருகிறவன் நின்றால் பெண்களைக் கடத்தி விற்பதும் நிற்கும் என்பது வாதம். வயதான ஒரு பேராசிரியர், கதர்ச் சேலையில் ஒரு தொண்டு நிறுவன அம்மாள், வரைவை எழுதிய வக்கீல் அர்விந்த், மூவரும் நல்லது செய்யத்தான் வந்திருந்தார்கள். வாதம் எனக்கும் சரியாகவே பட்டது.

நான் மொழிபெயர்க்க வந்தவள். டெல்லியிலேயே, மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் படித்ததற்கு ஒருவழியாக ஒரு பயன்.

சாந்தகுமாரிக்கு இந்தி சரளமாக வரும். ஆனால் அது ரோட்டில் கற்ற இந்தி, அதில் பேசினால் சண்டை போடுவதுபோல ஆகிவிடும், தமிழில்தான் சொல்வேன் என்று முன்பே சொல்லி அனுப்பியிருந்தார். அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான்.

“மாடி ஏறி வர்ற எவனுக்கும் மொதல்ல ஒரு டம்ளர் தண்ணி. ததும்பத் ததும்ப ஊத்தி என் கையால குடுப்பேன். அவன் குடிச்சு முடிக்கிறதுக்குள்ள, உள்ள விடலாமா கூடாதான்னு தெரிஞ்சிரும்.”

இருபது வருடத்தில் எத்தனை முறை தவறியது என்று பேராசிரியர் கேட்டார்.

ஒரே முறை. அன்று தெருவில் போலீஸ் ரோந்து. வந்தவன் மிரண்டுபோய், தண்ணீரெல்லாம் வேண்டாம், ஜல்தி ஜல்தி என்று அவசரப்படுத்த, அப்படியே உள்ளே விட்டிருக்கிறார். சாந்தகுமாரி முடியை ஒதுக்கி, காதுக்குக் கீழே இருந்த தழும்பைக் காட்டினார்.

“நாளைக்கு இந்தச் சட்டம் வந்தா வர்றவன் எல்லாருமே ஜல்திம்பான். மாடிக்கு வரமாட்டேன், கார்ல ஏறும்பான். சாது வரவே மாட்டான், எதுக்கும் பயப்படாதவன்தான் வருவான். எனக்கு அந்த ஒரு டம்ளர் நேரம் இருக்காதும்மா.”

மொழிபெயர்த்தேன். கதர்ச் சேலை அம்மாள் எழுதுவதை நிறுத்தினார். பேராசிரியர் ஓரத்தில் இருந்த தட்டைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

எங்களையும் சோதித்துப் பார்த்துவிட்டீர்களா என்று கேட்டார்.

சாந்தகுமாரி தலையாட்டினார். பேராசிரியர் குடித்துவிட்டு டம்ளரை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாராம், பயமில்லை. கதர்ச் சேலை அம்மாள் உதட்டில் படாமல் அண்ணாந்து குடித்தார், அருவருப்பு உண்டு, ஆனால் கெடுதல் செய்யமாட்டார். நான் அதையும் சொல்ல, அந்த அம்மாள் கூச்சத்தோடு சிரித்துவிட்டார்.

மூன்று படித்தவர்கள் ஒரு வருடமாக எழுதி எழுதி அடித்ததில் இல்லாத ஒன்றை, இவர் தட்டைத் தூக்கிக்கொண்டு மேசையை ஒரு சுற்று வந்து தெரிந்துகொண்டிருக்கிறார்.

பிறகு அர்விந்தைப் பார்த்தார்.

“அந்தக் கோடியில இருக்கிறவரு சிரிச்சுகிட்டேதான் வாங்குனாரு. சிந்துனதும் சிரிப்பு போகல, கையும் நகரல. யாரு வந்து தொடைக்கிறாங்கன்னு பாத்துகிட்டே இருந்தாரு. இவர நான் உள்ள விடமாட்டேன்.”

இதை நான் மொழிபெயர்க்கவில்லை.

என்ன சொல்கிறார் என்று அர்விந்த் இந்தியில் கேட்டார். அதே சிரிப்பு.

“அத மட்டும் சொல்லாதம்மா,” என்றார் சாந்தகுமாரி, குரலைத் தாழ்த்தி. “நீ அவரோடதான வீட்டுக்குப் போவணும்.”

அர்விந்த் என் கணவர் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நாங்கள் தனித்தனியாகத்தான் வந்தோம். மேசையின் இந்தக் கோடியில் நான், அந்தக் கோடியில் அர்விந்த்.

அந்தச் சிரிப்பை நம்பிக் கல்யாணம் செய்துகொண்டேன். முதல் அடி விழுந்து எனக்குப் புரிய ஏழு மாதம் ஆனது. புரிந்த பிறகும் நான்கு வருடமாகத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். இந்த அம்மாவுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் போதுமாக இருந்தது.

கைக்குட்டை என் கையில் இன்னும் ஈரமாக இருந்தது.

பேராசிரியர் பேனாவோடு காத்திருந்தார். நான் இந்தியில் சொல்லத் தொடங்கினேன், ஒரு வார்த்தையும் விடாமல், சொல்லாதே என்று சாந்தகுமாரி சொன்னதையும் சேர்த்து.